தம்பிகளிடம் ஏன் மறைக்கிறீர்கள்?

அன்புள்ள ஐயா,

எனக்கு வயது 54. சென்ற ஆண்டு மல்டிபிள் மைலோமா என்ற ரத்தப் புற்றுநோய் இருப்பதாகக் கண்டுபிடித்தார்கள். மருந்துகளில் நோய் அடங்கியிருக்கிறது. அடுத்த மாதம் ரத்த அணுக்களை உருவாக்கும் என்னுடைய ஸ்டெம் செல்களையே எடுத்து வைத்துக்கொண்டு, கடுமையான கீமோ கொடுத்து, அவற்றைத் திரும்ப ஏற்றப் போகிறார்கள். மூன்று வாரம் தனி அறை. மனைவியைத் தவிர யாருக்கும் தெரியாது. தம்பிகளிடம் முதுகுவலிக்கு வைத்தியம் என்று சொல்லியிருக்கிறேன். யாருடைய இரக்கமும் எனக்கு வேண்டாம். அந்த அறைக்கு என்ன புத்தகங்கள் எடுத்துப் போகலாம்? பப்பாளி இலைச் சாறு குடிக்கலாமா? என் பெயரை வெளியிட வேண்டாம்.

திருச்சியிலிருந்து ஒரு வாசகர்

அன்புள்ள நண்பருக்கு,

வீடு மாறுவதற்காகப் பரணை ஒழித்தபோது என் அக்காவின் மருத்துவக் கோப்பு கையில் கிடைத்தது. அன்று மாலை உங்கள் கடிதம் வந்தது. அவளுக்கும் இதே நோய், இதே சிகிச்சை, 2014இல். அவளும் எங்களிடம் முதுகுவலி என்றுதான் சொன்னாள். இந்த நோய் பலருக்கு எலும்பில்தான் முதலில் வலிக்கிறது. அதனால் அந்தப் பொய் எளிதாக வாய்த்துவிடுகிறது.

பப்பாளி இலைச் சாறு வேண்டாம். கீமோவுக்குப் பிறகு, கிருமிகளை எதிர்க்கும் வெள்ளையணுக்களே இல்லாத நாட்களில் பச்சையாக அரைத்த எதுவும் ஆபத்து. அதைப் பற்றிப் பேச வேறொன்றும் இல்லை.

யாருக்கும் சொல்லவில்லை என்று பெருமையாக எழுதியிருக்கிறீர்களே, அதைத்தான் பேச வேண்டும். அந்தக் கீமோவில் கொடுக்கும் மெல்ஃபலான் மருந்து, ரத்த அணுக்கள் உருவாகும் எலும்பு மஜ்ஜையைத் துடைத்துவிடும். உங்கள் செல்களைத் திரும்ப ஏற்றுவது அறுவை சிகிச்சை அல்ல, ரத்தம் ஏற்றுவதைப் போலத்தான். ஆனால் அவை மஜ்ஜையில் ஊன்றி வேலை தொடங்க 10 முதல் 14 நாட்கள் வரை ஆகும். அதுவரை உங்கள் உடம்பில், ரத்தக் கசிவை நிறுத்தும் அணுக்களான பிளேட்லெட்டின் உற்பத்தி ஏறக்குறைய நின்றுபோயிருக்கும். ஒன்றரை லட்சத்துக்கு மேல் இருக்க வேண்டியது 10 ஆயிரத்துக்குக் கீழே போனால் பிறரிடம் வாங்கித்தான் ஏற்றியாக வேண்டும். எடுத்த பிளேட்லெட் ஏறக்குறைய ஐந்து நாட்கள்தான் தாங்கும். இன்றே வாங்கிச் சேர்த்துவைக்க வழியில்லை. அந்த வாரத்தில் ஒரு மனிதர் வந்து கையை நீட்டிப் படுக்க வேண்டும். யார் வருவார் உங்களுக்கு? முதுகுவலி என்று நம்பிக்கொண்டிருக்கும் தம்பியா?

அக்காவுக்கு எட்டாயிரமாக இறங்கியது தீபாவளிக்கு முந்தைய நாள். ஈறிலிருந்து ரத்தம் கசிந்துகொண்டே இருந்தது. அன்றுதான் அத்தான் எனக்குத் தொலைபேசியில் உண்மையைச் சொன்னார். ஓடினேன். கடந்த மூன்று நாட்களுக்குள் ஆஸ்பிரின் சாப்பிட்டீர்களா என்று ரத்த வங்கியில் கேட்டார்கள். முந்தைய நாள் தலைவலிக்கு ஒன்று போட்டிருந்தேன். ஆஸ்பிரின் பிளேட்லெட்டை வேலை செய்யவிடாது என்று சொல்லித் திருப்பி அனுப்பிவிட்டார்கள். ஒரே ஒரு மாத்திரை. ஒரு வாரம் முன்பு எனக்குத் தெரிந்திருந்தால் அதைக் கையால் தொட்டிருப்பேனா?

தெரிந்தவர்கள் எல்லோரும் சொந்த ஊருக்குப் போய்விட்டார்கள். கடைசியில் வந்தவர் அக்கா வீட்டுத் தெருமுனையில் இஸ்திரி போடுபவர். பரிசோதனைகள் முடிந்து அவரைப் படுக்கவைத்தபோது, முன்கையில் இருந்த பழைய சூட்டுத் தழும்புக்குச் சற்று மேலே ஊசியைச் செருகினார்கள். ஒன்றரை மணி நேரம் இயந்திரம் அவர் ரத்தத்தை இழுத்து, பிளேட்லெட்டைப் பிரித்துக்கொண்டு, மிச்சத்தை அவருக்கே திருப்பிக் கொடுத்தது. மேலே தொங்கிய பையில் மஞ்சள் நிறத்தில் கொஞ்சம் கொஞ்சமாகச் சேர்ந்தது. அவர் அதைப் பார்க்கவில்லை. "பத்து வருடமாக அம்மாவிடம் துணி வாங்குகிறேன். ஒரு வார்த்தை சொல்லவில்லையே" என்று மட்டும் திரும்பத் திரும்பச் சொன்னார்.

அந்தச் சிகிச்சைக்குப் பிறகு அக்கா ஏழு நல்ல ஆண்டுகள் வாழ்ந்தாள். மகன் கல்யாணத்துக்கு முதல் பத்திரிகையை அவருக்குத்தான் வைத்தாள்.

இரக்கம் வேண்டாம் என்கிறீர்கள். சரி, வேண்டாம். தம்பிகளின் ரத்தப் பிரிவைக் கேளுங்கள். எட்டுப் பேரின் பெயர்களை எழுதி மனைவியிடம் கொடுங்கள். அந்த நாட்களில் அலைய வேண்டியவர் அவர்தான். அவரைத் தனியாக ஓடவிடுவது தைரியம் என்று நினைத்தால், ஐயா, அது தவறு. அந்த எட்டுப் பேரின் எடை, கை நரம்பு எல்லாவற்றையும் ரத்த வங்கியில் இப்போதே பார்த்துவிடச் சொல்லுங்கள். ஆஸ்பிரின் விஷயத்தையும் அவர்களிடம் சொல்லிவையுங்கள்.

இன்னொன்று. மெல்ஃபலான் ஏறும்போது ஐஸ் கட்டியை வாயில் அடக்கிக்கொள்ளச் சொல்வார்கள். குளிரில் வாயின் ரத்தக் குழாய்கள் சுருங்கும், மருந்து அங்கே குறைவாகப் போகும், புண்ணும் குறையும். அக்கா பல் கூசுகிறது என்று பாதியில் துப்பிவிட்டாள். பிறகு பத்து நாட்கள் தண்ணீர் விழுங்கவும் அழுதாள். நீங்கள் துப்பாதீர்கள்.

புத்தகங்கள் புதியவையாக, மெலிந்தவையாக இருக்கட்டும். பழைய புத்தகத் தூசியில் பூஞ்சை இருக்கும். எந்தெந்தப் புத்தகங்கள் என்று பிறகு எழுதுகிறேன். முதலில் இன்று இரவு பெரிய தம்பியைக் கூப்பிட்டுப் பேசுங்கள். அவர் என்ன சொன்னார் என்று எனக்கு எழுதுங்கள்.