டேங்க் மாற்ற வேண்டாம், முதலில் இதைப் பாருங்கள்

ஃபுல் டேங்க் போட்டு மதிய வெயிலில் பைக்கை நிறுத்தினால் மூடி ஓரமாகப் பெட்ரோல் கசிகிறது, மெக்கானிக் டேங்க்கையே மாற்றச் சொல்கிறார் என்று எழுதியிருந்தீர்கள். அவசரப்படாதீர்கள் நண்பரே, டேங்க் ஓட்டையாக இருக்க வாய்ப்பு குறைவு.

பங்க்கில் பெட்ரோல் பூமிக்கடியில் குளிர்ச்சியாக இருக்கிறது. வெயிலில் 20 டிகிரி கூடினால் 10 லிட்டர் பெட்ரோல் கிட்டத்தட்ட 190 மில்லி பெருகும். இரும்பு டேங்க்கும் விரியத்தான் செய்யும், ஆனால் அதனால் கிடைக்கும் இடம் வெறும் 7 மில்லி. கழுத்து வரை நிரப்பியிருந்தால் மீதி எங்கே போகும்? மூடி வழியாகத்தான் வரும். மேலே இருக்கும் காற்றும் ஆவியும் திரவத்தைவிடப் பல மடங்கு விரியும். மூடியிலுள்ள காற்றுத் துளை அடைத்திருந்தால் அழுத்தம் ஏறும். அதையும் ஊதிச் சுத்தம் செய்யுங்கள்.

அடுத்த முறை பாதி டேங்க்கோடு அதே வெயிலில் நிறுத்திப் பாருங்கள். மூடியருகே காய்ந்திருந்தால் பிரச்சினை இல்லை. அடிப்பக்க வெல்டிங்கில் ஈரம் தெரிந்தால் மட்டும் டேங்க்கைக் கழற்றுங்கள். கசிந்திருக்கும்போது தயவுசெய்து ஸ்டார்ட் செய்யாதீர்கள். நிழலுக்குத் தள்ளி, துடைத்து, வாடை போன பிறகு எடுங்கள்.