மூட்டு மாற்றிய காலில் வீக்கம்: ஐஸ் மெஷின் அவசியமா?

கேள்வி: அம்மாவுக்கு முழங்கால் மூட்டு மாற்று அறுவை சிகிச்சை முடிந்து 12 நாள் ஆகிறது. காலையில் வற்றியிருக்கும் வீக்கம் சாயங்காலம் கணுக்கால் வரை இறங்கிவிடுகிறது. குளிர்ந்த நீர் சுற்றும் ஐஸ் மெஷின் வாங்கலாமா? வீக்கத்துக்குப் போடும் இறுக்கமான காலுறை, அதாவது ஸ்டாக்கிங்ஸ், எந்த அளவில் வாங்குவது?

பதில்: மெஷின் அவசியமில்லை. ஐஸ் பேக்கை அடிக்கடி மாற்றும் வேலை மிச்சம், அவ்வளவுதான். முட்டியின் முன்பக்கமும் இரு பக்கமும் மூடுகிற, பட்டை வைத்த ஜெல் பேக் இரண்டு போதும். ஒன்று காலில், ஒன்று ஃப்ரீசரில். ஃப்ரீசரிலிருந்து எடுத்த பேக் உருகும் ஐஸ்கட்டியைவிடக் குளிர்ச்சியானது. தையலைச் சுற்றி, குறிப்பாக வெளிப்பக்கம், தோல் மரத்திருக்கும் என்பதால் தோல் புண்ணானாலும் அம்மாவுக்குத் தெரியாது. நடுவில் மெல்லிய துண்டு போட்டு 15 முதல் 20 நிமிடம் வையுங்கள். எடுத்ததும் தோலைப் பாருங்கள். உடற்பயிற்சி முடிந்தவுடன் வைப்பதைத் தவறவிடாதீர்கள். கட்டு நனையக் கூடாது.

சாயங்கால வீக்கத்துக்குக் காரணம் பெரும்பாலும் காலைத் தொங்கவிட்டு உட்கார்ந்திருப்பதுதான். அதற்குத் தலையணைதான் மருந்து. படுத்தபடி, பாதம் நெஞ்சைவிட உயரமாக இருக்கட்டும். தலையணை கெண்டைக்காலிலிருந்து குதிகால் வரை தாங்க வேண்டும். முட்டிக்கு அடியில் மட்டும் வைத்தால் சுகமாகத்தான் இருக்கும்; ஆனால் முட்டி மடங்கியபடியே இறுகி, பிறகு நீட்ட வராது. விழித்திருக்கும்போது மணிக்கொரு தரம் பாதத்தை மேலும் கீழும் பத்துப் பதினைந்து முறை அசைக்கச் சொல்லுங்கள்.

ஸ்டாக்கிங்ஸ் விஷயத்தில்தான் பலர் ஏமாறுகிறார்கள். முதலில் மருத்துவரைக் கேளுங்கள். காலில் ரத்த ஓட்டம் குறைந்தவர்களுக்கு அது ஆபத்து. அவர் சரி என்றால், காலையில் எழுந்து நடமாடும் முன் அளவெடுங்கள்: கணுக்காலுக்கு மேல் மிக ஒல்லியான இடம், கெண்டைக்காலின் பருத்த இடம், குதிகாலிலிருந்து முட்டி மடிப்பு வரை நீளம். செருப்பு எண்ணை மட்டும் கேட்டுக் கொடுப்பதை வாங்காதீர்கள். அழுத்தம் எத்தனை மி.மீ. பாதரசம் என்று மருத்துவரிடம் எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். மேல்விளிம்பு நழுவுகிறதென்று சுருட்டிவிட்டால் அது கயிறு கட்டியதுபோல இறுக்கி, கீழே வீக்கத்தைக் கூட்டும். வீக்கம் வற்றியதும் மறுபடி அளவெடுக்க வேண்டும். முழுதாக வற்ற 3 முதல் 6 மாதம்கூட ஆகலாம்.

இரவு முழுக்க உயர்த்தி வைத்தும் குறையாத வீக்கம், கெண்டைக்காலில் வலி, காய்ச்சல், தையலில் கசிவு, இவற்றில் ஒன்று இருந்தாலும் அன்றே மருத்துவமனைக்குப் போங்கள். மூச்சுத் திணறலோ நெஞ்சுவலியோ வந்தால் உடனே ஆம்புலன்ஸ்.