'ஃப்ரெஷ்' என்றால் 'புதிய' தானே? அப்புறம் ஏன் ஏரித் தண்ணீரை 'ஃப்ரெஷ் வாட்டர்' என்கிறார்கள்?

அங்கே ஃப்ரெஷ் என்றால் உப்பில்லாத, அதாவது நன்னீர். ஆண்டுக்கணக்கில் தேங்கிய ஏரி நீரும் ஃப்ரெஷ் வாட்டர்தான். பழைய ஆங்கிலத்திலேயே இச்சொல்லின் மூலவடிவம் உப்பில்லாத நீரைக் குறித்தது. அதனால் இதைப் பின்னால் ஒட்டிக்கொண்ட பொருள் என்று நினைக்க வேண்டாம். 'ஃப்ரெஷ் ஃபிஷ்' என்பதற்கும் 'புதிய மீன்' என்பதைவிடப் 'பச்சை மீன்' என்பதே எனக்குச் சரியாகப் படுகிறது: கருவாடாகாதது.

காற்றுக்கு வந்தால், 'ஃப்ரெஷ் ஏர்' என்பது திறந்தவெளிக் காற்று.

கவனமாக இருக்க வேண்டியவை இரண்டு. 'ஃப்ரெஷ் அவுட் ஆஃப் பிரெட்' என்று கடைக்காரர் சொன்னால் புது ரொட்டி வந்திருக்கிறது என்று காத்திருக்காதீர்கள். ரொட்டி இப்போதுதான் தீர்ந்துவிட்டது. 'டோன்ட் கெட் ஃப்ரெஷ் வித் மீ' என்றால், என்னிடம் வரம்பு மீறாதே. அமெரிக்காவில் பரவிய இந்தப் பொருள், துடுக்கான என்று பொருள்படும் 'ஃப்ரெக்ஹ்' என்ற ஜெர்மன் சொல்லின் தாக்கமாக இருக்கலாம்.