டெக்சாஸ் பள்ளியில் என் மகளின் கறுப்பினத் தோழியைச் சீண்டுகிறார்கள். நாங்கள் என்ன செய்யலாம்?

தோழி பள்ளிக்குப் புதியவள், அவள் பின்னலைப் பிடித்து இழுக்கிறார்கள், ஆசிரியையோ அதை அவிழ்த்துவிட்டு வரச் சொல்கிறார் என்று எழுதியிருக்கிறீர்கள். ஆசிரியை சொன்னதை முதலில் பார்ப்போம். அங்கேதான் சட்டத்தின் பிடி இறுக்கமானது.

டெக்சாஸில் 2023 செப்டம்பர் 1 முதல் 'கிரௌன்' சட்டம் நடப்பில் இருக்கிறது. இனத்தோடு ஒட்டிவரும் சுருள்முடியையோ, பின்னல், முறுக்குச் சடைகளையோ பள்ளியின் உடை விதி தடுக்கக் கூடாது. ஓர் ஓட்டையும் உண்டு: நீளத்தைப் பற்றிச் சட்டம் வாய் திறக்கவில்லை. முடியின் நீளத்துக்குப் பள்ளி வரம்பு வைக்கலாம் என்று 2024 பிப்ரவரியில் அங்கே ஒரு நீதிபதி தீர்ப்பளித்தார். ஆகவே எந்த விதிப்படி அவிழ்க்கச் சொன்னார்கள் என்பதைச் சிறுமியின் அம்மா எழுத்தில் கேட்டு வாங்கட்டும்.

சீண்டலுக்கான புகாரும் மின்னஞ்சலில்தான் போக வேண்டும். போனில் சொன்னது காற்றோடு போய்விடும். "கேலி செய்கிறார்கள்" என்றால் "பிள்ளைகள் விளையாட்டு" என்று முடித்துவிடுவார்கள். தேதி, இடம், யார், சொன்ன வார்த்தை அப்படியே, பார்த்தவர் யார் என்று எழுத வேண்டும். உங்கள் மகள் சாட்சி. கண்டதை அன்றன்றே குறித்து வைக்கட்டும். பள்ளி அசையாவிட்டால், சம்பவம் நடந்த 180 நாட்களுக்குள் கூட்டரசுக் கல்வித்துறையின் குடிமை உரிமை அலுவலகத்தில் புகார் தரலாம். அதை நீங்களே கூடத் தர முடியும், ஆனால் அந்த அம்மாவைக் கேட்காமல் செய்யாதீர்கள். பின்விளைவு அவர்கள் வீட்டுக்குத்தான்.

வகுப்பில் உங்கள் மகள் வீரவசனம் பேச வேண்டியதில்லை. "கையை எடு" என்று ஒரு சொல், பிறகு தோழியோடு அங்கிருந்து நகர்ந்துவிடுவது, போதும். "அவங்க சும்மா தமாஷுக்குத்தான்" என்று சமாதானம் சொல்லும் தோழிதான் அதிகம் புண்படுத்துவாள்.

"வெயில்ல நிக்காதே, கறுத்துடுவே" என்ற நம் வீட்டுப் பேச்சு அந்தப் பிள்ளை வரும் நாளில் மட்டும் நின்றால் பயனில்லை. மகள் அதை தினமும் கேட்டுக்கொண்டிருக்கிறாள்.

தோழியை இரவு தங்க அழைத்தால் அவள் வழவழப்பான சாட்டின் துணிக் குல்லாய் போட்டுத் தூங்கலாம். பருத்தித் தலையணை முடியை உலர்த்தி உடைக்கும். சிரிக்கக் கூடாது என்று வீட்டில் எல்லோரிடமும் முன்பே சொல்லிவையுங்கள். நீச்சல் விருந்தென்றால் சில நாள் முன்னதாகவே தெரிவியுங்கள். மெல்லிய பின்னல்கள் போடப் பல மணி நேரம் பிடிக்கும், சாதாரண நீச்சல் தொப்பிக்குள் அவை அடங்காது.