எம்.இ.ஜி. எடுத்தால் தலைக்குள் காந்தம் பாயுமா?

கேள்வி: என் 11 வயது மகனுக்கு வலிப்பு மாத்திரைக்குக் கட்டுப்படவில்லை. ஆபரேஷனுக்கு முன் எம்.இ.ஜி. எடுக்கச் சொல்கிறார் டாக்டர். தலைக்குள் காந்தத்தைப் பாய்ச்சுவார்களா? இ.இ.ஜி.தான் எடுத்தாயிற்றே, இது எதற்கு? – ஒரு தாய், தேனி

பதில்: பாய்ச்ச மாட்டார்கள், அம்மா. அந்தப் பயத்தை முதலில் விடுங்கள். எம்.இ.ஜி. என்பது மூளையின் காந்தப்புலத்தை அளக்கும் சோதனை; அந்தக் கருவி உங்கள் பையன் தலைக்குள் எதையுமே அனுப்பாது. கதிர்வீச்சு கிடையாது, எம்.ஆர்.ஐ.யின் தடதடவென்ற சத்தமும் கிடையாது. மூளை செல்களில் ஓடும் மின்னோட்டத்தால் தானாகவே ஒரு காந்தப்புலம் உண்டாகிறது. அதை வெளியிலிருந்து அளக்கிறார்கள், அவ்வளவுதான்.

ஆனால் அந்தப் புலம் பூமியின் காந்தப்புலத்தில் சுமார் பத்துக் கோடியில் ஒரு பங்குதான் தேறும். 1968இல் டேவிட் கோஹன் என்ற இயற்பியலாளர் செப்புக் கம்பிச் சுருளை வைத்து அதை முதன்முதலில் அளந்தபோது, வேண்டாத குறுக்கீடுதான் பெரிதாக மிஞ்சியிருந்தது. 1972இல் அமெரிக்காவின் எம்.ஐ.டி. பல்கலைக்கழகத்தில், வெளிக் காந்தப்புலம் புகாத அறைக்குள் 'ஸ்குவிட்' என்ற மீக்கடத்தி (கடுங்குளிரில் மின்தடையே இல்லாமல் போகும் பொருள்) உணரியைக் கொண்டு அளந்தார். மூளையின் அலை தெளிவாகவே கிடைத்தது. இப்போதைய தலைக்கவசங்களில் அப்படிப்பட்ட உணரிகள் சுமார் 300 இருக்கும். கல்பாக்கம் அணு ஆராய்ச்சி மையத்தில் ஸ்குவிட்டை நம் விஞ்ஞானிகளே செய்திருக்கிறார்கள் என்பதில் எனக்குப் பெரிய பெருமை.

இந்த உணரிகள் வேலை செய்யத் திரவ ஹீலியத்தில், மைனஸ் 269 டிகிரியில் இருக்க வேண்டும். குளிருமோ என்று பதறாதீர்கள். நான் பல வருடம் திரவ ஹீலியம் நிரப்பும் வேலை பார்த்தவன். உணரிகளும் ஹீலியமும் இருக்கும் குடுவையின் இரட்டைச் சுவருக்கு நடுவே வெற்றிடம் இருப்பதால், வெளியே கை வைத்தால் சாதாரணமாகத்தான் இருக்கும்.

சரி, இ.இ.ஜி. போதாதா? இ.இ.ஜி. அளப்பது மூளையின் மின் அலையை; மண்டை ஓடு அதைக் கலைத்துப் பரப்பிவிடும். காந்தப்புலத்தை அவ்வளவாகத் தடுக்காது. அதனால் வலிப்பு எந்த இடத்தில் கிளம்புகிறது என்பதை இன்னும் நெருங்கிக் காட்ட முடியும். கத்தி வைக்கப்போகும் டாக்டருக்கு இது பெரிய விஷயம். மூளையின் ஆழத்தில் கிளம்பும் வலிப்பு என்றால் இதுவும் திணறும், அதனால் எம்.ஆர்.ஐ., இ.இ.ஜி. எல்லாவற்றோடும் சேர்த்துத்தான் முடிவெடுப்பார்கள். இந்தியாவில் பெங்களூரு நிம்ஹான்ஸ் மருத்துவமனை போன்ற வெகு சில இடங்களில்தான் இந்த வசதி இருக்கிறது.

போகும்போது ஜிப், உலோகப் பட்டன் இல்லாத துணி போட்டு விடுங்கள். தாயத்து, வெள்ளி அரைஞாண் எல்லாவற்றையும் கழற்றிவிட வேண்டும். துளி இரும்பு அசைந்தாலே பதிவு கெட்டுவிடும். பல்லில் கம்பி போட்டிருந்தால் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். அப்புறம், டாக்டர் சொல்லாமல் நீங்களாக எந்த மாத்திரையையும் நிறுத்த வேண்டாம்.