வாளியைக் கீழே இறக்காதே, தம்பி

கடலூர் திருப்பாப்புலியூரிலிருந்து பாரிஸ் பக்கம் வந்து நாலு மாதமான தம்பி ஒருவர் கேட்கிறார்: "பழைய கார் ஒன்று வாங்கிவிட்டேன் அண்ணா. காசு போட்டு நாமே கழுவிக்கொள்ளும் இடத்துக்குப் போனால் ஒவ்வொரு தடவையும் ஆறேழு யூரோ போகிறது. குடியிருப்பு பார்க்கிங்கிலேயே ஒரு வாளித் தண்ணீரை வைத்துக் கழுவிக்கொள்ளலாமா? இன்சூரன்ஸ் எங்கே மலிவு? நம்ம ஊர் லைசென்ஸை எப்படி மாற்றுவது?"

இன்சூரன்ஸுக்கு நாலு இடத்தில் விலை கேட்டுப் பார். லைசென்ஸ் விவரம் அரசாங்கத் தளத்திலேயே இருக்கிறது. பாரிஸில் நம்ம தமிழ்க் கடைகள் இருக்கும் லா ஷப்பேலில் டீ குடிக்கிறவர்கள் சொல்வதைக் கேட்டுக்கொண்டு அலையாதே. எனக்குத் தெரிந்தது வாளி சமாசாரம்தான். அதைக் கீழே இறக்காதே.

1997 ஜனவரி. நான் பாரிஸ் பக்கத்துச் சார்செலில் வந்து இறங்கி மூன்றாவது வாரம். மாமா வீட்டில், நாலாவது மாடியில் இருந்தேன். மாமா பழைய சொல்தா, அதாவது பிரெஞ்சு ராணுவச் சிப்பாய், 1962-ல் பிரெஞ்சுக் குடியுரிமை எடுத்த குடும்பம். சும்மா உட்கார்ந்து சாப்பிடுகிறோமே என்று எனக்குக் கூச்சம். புதுச்சேரி முத்தியால்பேட்டையில் அப்பா டாக்ஸி ஓட்டினார். விடியுமுன் அம்பாசிடரைக் கழுவித் துடைத்து நிறுத்துவது என் வேலை. உருப்படியாகத் தெரிந்த ஒரே தொழில் அதுதான். ஞாயிறு சாயங்காலம் சுடுதண்ணீர் இரண்டு வாளி லிஃப்டில் இறக்கினேன். மாமாவின் வெள்ளைக் காரில் ஆவி பறக்கப் பறக்கத் தேய்த்தேன். சோப்புத் தண்ணீர் நடைபாதையில் ஓடியது. எனக்கு ஒரே பெருமை.

மறுநாள் காலையில் நடைபாதை முழுக்கக் கண்ணாடி போல உறைந்து கிடந்தது. கட்டடக் காவலாளி உப்பை வாரி இறைத்துக்கொண்டே கத்தினார். அதில் எனக்குப் புரிந்தது ஒரே வார்த்தை, 'ஆந்தெர்தி', கூடாது. நான் கற்றுக்கொண்ட முதல் பிரெஞ்சு அதுதான் என்று வைத்துக்கொள். மாமா தன் பழைய ராணுவத் தொப்பியை எடுத்து மாட்டிக்கொண்டு இறங்கிப் போய் மன்னிப்புக் கேட்டார். என்னிடம் இரண்டு நாள் பேசவில்லை. கார்க் கதவுகளும் ரப்பரோடு ஒட்டிக்கொண்டு, ஒரு நாள் முழுக்கத் திறக்கவில்லை.

காவலாளியின் கோபம் மட்டுமல்ல தம்பி, சட்டமும் அதுதான். பொது வீதியில் கார் கழுவுவதை மாவட்டச் சுகாதார விதிகள் தடுக்கின்றன. 450 யூரோ வரை அபராதம் வரலாம். உன் பார்க்கிங்குக்குக் குடியிருப்பு விதிகள் தனியாக இருக்கும், வாங்கிப் படி. மழைநீர்ச் சாக்கடை பல ஊர்களில் சுத்திகரிப்பு எதுவும் இல்லாமல் நேரே ஆற்றுக்குப் போகிறது. உன் சோப்பும் எண்ணெய்ப் பிசுக்கும் அதோடு போகும். கழுவும் நிலையத்தில் தரைக்கு அடியில் சேற்றையும் எண்ணெயையும் பிரிக்கும் தொட்டி இருக்கிறது. கோடையில் வறட்சி ஆணை வந்துவிட்டால் வீட்டில் கழுவுவதற்கு 1500 யூரோ வரை போகும். நீ ஆறேழு யூரோவுக்குக் கணக்குப் பார்க்கிறாய். கடலூர்க்காரர்கள் விலை குறைவு என்று புதுச்சேரி எல்லையில் முள்ளோடை வரை போய் பெட்ரோல் போடுகிறவர்கள்தானே, உன்னைக் குறை சொல்ல மாட்டேன்.

சரி, நிலையத்துக்குப் போகிறாய். நம்ம ஊர் வாட்டர் சர்வீஸில் வண்டியை விட்டுவிட்டு டீ குடிக்கலாம், பையன் பார்த்துக்கொள்வான். இங்கே அந்தப் பையன் நீதான். காசு விழுந்த நொடியிலிருந்து கடிகாரம் ஓடும். நான் முதல் தடவை பத்து பிராங்க் காசைப் போட்டுவிட்டு, எந்தப் பொத்தான் என்று பலகையை எழுத்துக் கூட்டிப் படித்து முடிப்பதற்குள் பாதி நேரம் தீர்ந்துபோனது. கடைசியில் நுரையோடு நின்ற காரை ஓட்டிக்கொண்டு வீட்டுக்கு வந்தேன். அதனால் முதலில் பலகையைப் படி. மிதியடிகளை எடுத்து வெளியே மாட்டு. கண்ணாடிகளை ஏற்று. அப்புறம் காசு.

முக்கியமாக, அங்கே தொங்கும் நுரைத் தூரிகை. உனக்கு முன்னால் ஒருவர் சேற்றில் புரண்ட வண்டியை அதால் தேய்த்திருப்பார். மயிருக்குள் மணல் நிற்கும். என் முதல் சொந்தக் காரின் பானட்டில் வட்ட வட்டமாகக் கோலம் போட்டது அதுதான். வேக நீரால் தூரிகையை நன்றாக அடித்துவிட்டு எடு, இல்லாவிட்டால் தொடாதே. தண்ணீர் பீய்ச்சும் துப்பாக்கியை ஒரு முழத்துக்குக் கிட்டே கொண்டுபோகாதே, பெயிண்ட் உரிந்த இடம் இன்னும் உரியும். டயர் ஓரத்திலும் வைத்து அடிக்காதே. குளிர்காலத்தில் சாலைக்கு உப்புத் தூவுவார்கள். மேலே பளபளப்பாக இருந்தால் போதாது, அடிப்பக்கம் கழுவாவிட்டால் துரு அரிக்கும். இதை இங்கே முப்பது வருடம் இருக்கிறவர்களுக்கே சொல்லிப் புரியவைக்க முடியவில்லை. ஆயுத பூஜைக்கு எலுமிச்சம்பழம் நசுக்குவார்கள், பானட்டில் வைத்த சந்தனம் தீபாவளி வரை காய்ந்து கிடக்கும், ஆனால் அடியில் ஒரு தடவை தண்ணீர் அடிக்க மாட்டார்கள். டிசம்பரில் ஊருக்குப் போனால் மட்டும் வாடகை வண்டியில் தூசி என்று டிரைவரை விரட்டுவார்கள். வாளியையும் கொண்டு போகாதே. பல நிலையங்களில் அதற்கும் தடைப் பலகை உண்டு.

கடைசிப் பொத்தான், உப்பு நீக்கிய தண்ணீர். அதற்கும் சேர்த்துக் காசு வைத்துக்கொள். துடைக்காமலே காயும், புள்ளி விழாது. எங்கள் வீட்டுக் கிணறு கடலோரத்துக் கிணறு, உவர்த் தண்ணீர். அம்பாசிடர் காய்ந்தால் அம்மை போட்டது போல வெள்ளைப் புள்ளி. வெயில் ஏறுமுன் அப்பாவின் பழைய வேட்டியால் நானும் என் தம்பியும் ஆளுக்கொரு பக்கம் ஓடி ஓடித் துடைப்போம். ஒரு புள்ளி தப்பினாலும் அப்பா விரலால் தொட்டுக் காட்டுவார். 2004-ல் அவர் இங்கே வந்தபோது நிலையத்துக்குக் கூட்டிப்போனேன். துடைக்காமல் கிளம்பினேன். அவர் ஏறாமல் நின்றார். கைக்குட்டையை எடுத்து பானட்டைக் கதவு வரை துடைத்துவிட்டுத்தான் உட்கார்ந்தார்.

சனிக்கிழமை மதியம் போகாதே, வரிசை நீளம். ஞாயிறு காலை சீக்கிரம் போ, கையில் ஒரு யூரோ, இரண்டு யூரோ காசாகவே எடுத்துக்கொள். சில்லறை மாற்றும் இயந்திரம் பாதி நாள் வேலை செய்யாது.