'அண்டர்பிரிவிலேஜ்ட்' என்னும் ஆங்கிலச் சொல்லுக்குத் தமிழில் 'ஏழை' என்று எழுதலாமா?

எழுதலாம், ஆனால் பாதிப் பொருள்தான் வரும். ஏழ்மை என்பது கையில் காசில்லாத நிலை. இந்த உரிச்சொல்லோ, நல்ல பள்ளி, தக்க நேரத்தில் மருத்துவம், உட்கார்ந்து படிக்க ஓர் அமைதியான மூலை எனப் பிறருக்கு இயல்பாக வாய்ப்பவை ஒருவருக்கு வாய்க்காமல் போனதைச் சுட்டுகிறது. பணமின்மை அதற்குப் பெரிய காரணம், ஒரே காரணமன்று.

'பிரிவிலேஜ்' என்பதன் லத்தீன் மூலத்துக்குத் தனி ஒருவருக்கென இயற்றப்பட்ட சட்டம் என்று பொருள். அதிலிருந்தே சலுகை என்னும் பொருள் வந்தது. குறைவைக் காட்டும் 'அண்டர்' அதன் முன் ஒட்டிக்கொண்டது 19ஆம் நூற்றாண்டின் இறுதியில்தான். எல்லாருக்கும் கிடைத்தாக வேண்டியதைச் சலுகைக் கணக்கில் எழுதும் இச்சொல் எனக்குச் சற்று உறுத்தலாகவே இருக்கிறது.

சில ஆண்டுகளுக்கு முன், சிங்கப்பூரில் ஓரறை, ஈரறை வாடகை வீடுகள் கொண்ட வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழக) புளோக் ஒன்றில் நடக்கவிருந்த இலவசத் துணைப்பாட வகுப்பின் அறிவிப்பைத் தமிழாக்கியபோது, இதே சொல்லுக்கு நானும் 'ஏழை மாணவர்களுக்கு' என்றே எழுதினேன். மின்தூக்கிக்கு அருகில் ஒட்டியிருந்த தாளில் 'ஏழை' என்பதை மட்டும் யாரோ நீல மையால் அழுத்தி அடித்திருந்தார்கள். அங்கு குடியிருந்த அக்கா ஒருவர், "பிள்ளைய அனுப்புறேன் தம்பி, அந்தத் தாளை மட்டும் எடுத்துடுங்க" என்றார். அடுத்த தாளில் 'துணைப்பாடம் தேவைப்படும் மாணவர்களுக்கு' என்று மாற்றினேன். ஆங்கிலச் சொல்லும் அப்படித்தான்: நன்கொடையாளரிடம் பிறரைப் பற்றிப் பேச உதவும், உரியவரின் முகத்துக்கு நேரே சொல்ல உதவாது.

கட்டுரையில் 'வாய்ப்பு வசதி குறைந்த' என்பதே எனக்குப் பொருத்தமாகப் படுகிறது. வருமானத்தை மட்டும் குறிக்கும் இடத்தில், இங்கே பழகிப்போன 'குறைந்த வருமானக் குடும்பங்கள்' போதும். 'பிற்படுத்தப்பட்ட' என்பது யாரோ பின்னுக்குத் தள்ளினார்கள் என்பதையும் சேர்த்துச் சொல்லும் வலுவான சொல்தான் என்றாலும், தமிழ்நாட்டில் அது இடஒதுக்கீட்டுப் பிரிவின் பெயர் என்பதால் சிங்கப்பூர்ச் சூழலில் குழப்பிவிடும்.

ஆங்கில இலக்கணத்தில் ஒன்றைக் கவனியுங்கள்: இச்சொல்லின் முன்னால் 'த' (the) சேர்த்துப் பெயர்ச்சொல்லாக ஆளும்போது அது பன்மை, வினைமுற்று 'இஸ்' அன்று, 'ஆர்'.